கொட்டாஞ்சேனை அச்சகத்துப் பழைய கணினிக்கு இனி எந்த வன்தட்டு?

கொட்டாஞ்சேனையில் தகப்பனார் காலத்து அச்சகத்தை நடத்திவரும் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இதுதான். பென்டியம் 3 செயலியும் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பும் உள்ள கணினி ஒன்றில், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவையும் கொண்டு அவர் இன்றும் வேலை செய்கிறார். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கான மென்பொருளும் அதே கணினியில்தான் இருக்கிறது. பிரின்டர் போர்ட்டில் டொங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் அது திறக்கும். கணினியின் 20 ஜிபி வன்தட்டு, அகன்ற நாடாக் கேபிளால் இணையும் பழைய ஐடிஇ வகை, சில வாரங்களாக இடையிடையே 'டக், டக்' என்று ஒலி எழுப்புகிறது. பம்பலப்பிட்டியில் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் "ஐடிஇ இனி வராது, கணினியையே மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். புதிய ஐடிஇ வன்தட்டு கொழும்பில் எங்கே கிடைக்கும் என்பது அவர் கேள்வி.

அவர் கேட்டிருப்பது ஒரு கடையைத்தான். ஆனால் கேள்வியைப் படித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கவலைகள் இருக்கின்றன. இருபத்தைந்து வருடத்துக் கலியாண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் தப்புமா என்பது ஒன்று. அந்தக் கணினி இன்னும் சில வருடம் ஓடுமா என்பது மற்றது. முதலாவதுக்கு அவகாசம் மிகக் குறைவு. இரண்டாவதுக்கு வழிகள் பல உண்டு, அவற்றை ஆறுதலாக யோசிக்கலாம். புதிய வன்தட்டு தேடி அலையும் நாட்களில் பழைய வன்தட்டைத் தினமும் ஓடவிட்டால், இரண்டாவதைத் தீர்க்கப் போய் முதலாவதை இழந்துவிடுவீர்கள். ஆகவே முதலில் அந்தக் கணினியை நிறுத்திவிடுங்கள். கோப்புகளைப் பிரதி எடுக்கும் நாள் வரை அதை மீண்டும் இயக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து நான் கொழும்பில் கணினி பழுதுபார்க்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அச்சகங்களும் சட்டத்தரணிகளும். அந்த 'டக்' ஒலி பெரும்பாலும், வட்டில் எழுதப்பட்டுள்ள வழிகாட்டும் குறிகளை வாசிக்க முடியாமல் வாசிக்கும் தலை திரும்பத் திரும்பத் தன் இருப்பிடத்துக்கு ஓடிவரும் ஓசை. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு: மின்வழங்கி பலவீனமாகி 12 வோல்ட் தாழ்ந்தாலும் நல்ல வன்தட்டே இப்படி ஒலிக்கும். வேறு மின்வழங்கியில் இணைத்ததும் ஒலி நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நிற்காவிட்டாலும் அந்த வன்தட்டில் மிஞ்சியிருக்கும் மணித்தியாலங்களைப் பிரதி எடுப்பதற்கே செலவிட வேண்டும், சோதிப்பதற்கு அல்ல. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு அச்சகக்காரரின் வன்தட்டில், விண்டோஸின் வட்டுச் சோதனை மென்பொருளான ஸ்கேன்டிஸ்க்கின் முழுச் சோதனையை இரவு ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தபோது அந்த வன்தட்டைக் கணினி அடையாளமே காணவில்லை. மறுநாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்க வேண்டிய கல்வெட்டு என்ற நினைவு மலர் ஒன்று அதற்குள் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, கையெழுத்துப் பிரதியை எடுத்துவந்து முதலிலிருந்து தட்டச்சு செய்தார்.

பிரதி எடுக்கும் முறையில் சந்தேகமில்லை. வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்து, லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து துவக்கி, ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் முழு வன்தட்டையும் ஒரே கோப்பாகப் படியெடுக்க வேண்டும். விண்டோஸில் வைத்துக் கோப்புகளை இழுத்துப் போடுவதைவிட இது மேலானது. பழுதான ஓர் இடத்தில் விண்டோஸ் முட்டி மோதிக்கொண்டே நிற்கும். டிடிரெஸ்கியூவோ எளிதில் வாசிக்கக்கூடியவற்றை முதலில் அள்ளிக்கொண்டு, கடினமான இடங்களைக் குறித்துவைத்துப் பின்னர் திரும்பி வரும். எதை வாசித்தது, எதை விட்டது என்ற குறிப்பைத் தனிக் கோப்பில் எழுதுவதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். நல்ல நிலையிலுள்ள 20 ஜிபி வன்தட்டு அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், நோயுற்றது நாட்கணக்கில் இழுக்கும்.

இணைப்பதற்கு ஐடிஇ–யூஎஸ்பி கேபிள் புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் இப்போதும் கிடைக்கிறது. அதில் இணைக்கும்போது வன்தட்டின் பின்புறமுள்ள ஜம்பர் என்ற சின்ன இணைப்புத் துண்டு 'மாஸ்டர்' (கேபிளின் முதல் சாதனம்) நிலையில் இருக்க வேண்டும். வெஸ்டேர்ன் டிஜிட்டல் வன்தட்டாக இருந்தால் மட்டும் கவனம் தேவை: பெரும்பாலான மாதிரிகளில் தனியாக இயங்கும் நிலையும் மாஸ்டர் நிலையும் வேறு வேறு, தனியாக இயங்க ஜம்பரையே கழற்றிவிட வேண்டும். இந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டைப் பார்க்காமல் வன்தட்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டிக் குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன். நோய் முற்றிய வன்தட்டுக்கு யூஎஸ்பி கேபிளைவிட மதர்போர்டிலேயே ஐடிஇ சொக்கெட் உள்ள கணினி நல்லது, ஏனெனில் பிழை ஏற்படும்போது யூஎஸ்பி கேபிளின் சில்லு திணறி முழு இணைப்பையும் துண்டித்துவிடும். இன்டெல் 2006இல் ஐசிஎச்8 சில்லுடன் ஐடிஇயைக் கைவிட்டது. அதற்கு முந்திய பென்டியம் 4 கணினி ஒன்று யாரிடமாவது மூலையில் கிடந்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வன்தட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் உயிர்பெறும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. கொழும்புக் காற்றின் ஈரப்பதனில் அதை வெளியே எடுத்த மறுநிமிடமே உள்ளும் புறமும் வியர்க்கும். வட்டின் மேல் நீர் படிந்தால் பிறகு எந்த ஆய்வுகூடத்தாலும் மீட்க முடியாமல் போகலாம். செய்ய வேண்டாம். கணினி அந்த வன்தட்டை அடையாளமே காணாமல் ஒலி மட்டும் கேட்டால் அங்கே என் கைவேலையும் முடிகிறது. அதற்குத் தூசியற்ற அறையும் அதே மாதிரி இன்னொரு வன்தட்டின் தலையும் வேண்டும். செலவு அதிகம், பலனும் உறுதியில்லை.

பிரதி கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு இரண்டாவது கவலைக்கு வருகிறேன். கடைக்காரர்கள் சொன்னது பொய்யல்ல. பெரிய நிறுவனங்கள் ஐடிஇ வன்தட்டுச் செய்வதை விட்டுப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. ஆனால் உங்கள் கணினிக்கு வன்தட்டு தேவையில்லை. அந்த 40 ஊசிச் சொக்கெட்டில் ஐடிஇ மொழியில் கேட்டால் ஐடிஇ மொழியில் பதில் சொல்லும் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். மறுமுனையில் சுழல்வது இரும்பா, சுழலாத சில்லா என்று மதர்போர்டுக்குத் தெரியாது. இதைப் புரிந்துகொண்டால் தேடும் பொருளே மாறிவிடும்.

இந்த வேலைக்கு என் முதல் தெரிவு, பழைய கமராக்களில் போட்ட கொம்பக்ட் ஃபிளாஷ் அட்டை. 1994இல் சான்டிஸ்க் கொண்டுவந்த அந்த அட்டைக்குள்ளேயே ஐடிஇ மொழி இருக்கிறது. அதன் 50 தொடுமுனைகளில் ஒன்றை நிலத்தோடு இணைத்து மின்சாரம் கொடுத்தால் அது முழுமையான ஐடிஇ வன்தட்டாகவே நடந்துகொள்ளும். அதனால் அட்டையை ஐடிஇயில் செருக உதவும் அடாப்டரில் மொழிபெயர்க்கும் சில்லு எதுவும் தேவையில்லை, வெறும் கம்பித்தடங்கள்தான். சில்லு இல்லாத இடத்தில் கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. மற்ற வழி, இன்று எங்கும் விற்கும் சாட்டா என்ற புதிய இணைப்புள்ள எஸ்எஸ்டியை (சுழலாத சில்லு வட்டு) ஒரு மொழிபெயர்ப்புச் சில்லுள்ள அடாப்டர் வழியாக மாட்டுவது. இது வேகமானது, அடிக்கடி எழுதுவதையும் நன்றாகத் தாங்கும். ஆனால் மலிவான அடாப்டர்களில் சில மாஸ்டராக மட்டுமே இயங்கும். சில, சீடி டிரைவோடு ஒரே கேபிளில் ஒத்துப்போகாது. வாங்கும்போது திசையையும் பார்க்க வேண்டும்: ஐடிஇ வன்தட்டைச் சாட்டா மதர்போர்டில் மாட்டும் அடாப்டரும் பார்ப்பதற்கு ஏறக்குறைய அதேபோல் இருக்கும், உங்களுக்கு அது உதவாது. எஸ்டி அட்டைக்கான அடாப்டர்களும் உண்டு. அச்சக வேலைக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. ரீகண்டிஷன் ஐடிஇ வன்தட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். அதன் ஸ்மார்ட் பதிவில், அதாவது வன்தட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஏட்டில், ஓடிய மணித்தியாலம் பூச்சியம் என்று காட்டினால் மகிழ வேண்டாம். வாகனத்தில் மீற்றரைத் திருப்புவதுபோல் அதையும் அழிக்க முடியும்.

அளவில்தான் பலர் வழுக்குகிறார்கள். பெரியதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் இங்கே எதிராக வேலை செய்யும். அந்தக் காலத்து அவார்ட் பயோஸ்களில் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) பல 33.8 ஜிபிக்கு மேற்பட்ட வன்தட்டைக் கண்டால் துவக்கத்திலேயே உறைந்து நின்றுவிடும். அதைக் கடந்தாலும், வன்தட்டின் இடங்களை எண்ணும் 28 பிட் முகவரி முறை 137 ஜிபியோடு முடிகிறது. விண்டோஸ் 98 அதற்கு அப்பால் எழுதப் போனால் வன்தட்டின் தொடக்கத்தில் இருப்பதன் மேலேயே எழுதிவிடக்கூடும். 64 ஜிபிக்கு மேல் வன்தட்டைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் பழைய எஃப்டிஸ்க் மென்பொருள் அளவைப் பிழையாகவே காட்டும். உங்களிடம் இருப்பது 20 ஜிபி, எனவே 32 ஜிபி அட்டை ஒன்று எல்லா வேலிகளுக்கும் உள்ளேயே அடங்கும். 16 ஜிபியில் படி கொள்ளாது. அட்டையை நடைபாதையில் வாங்காதீர்கள். 4 ஜிபி சில்லுக்கு 32 ஜிபி என்று பெயர் ஒட்டி விற்பது நடக்கிறது. எங்கே வாங்கினாலும் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழு அட்டையையும் எழுதி வாசித்துப் பாருங்கள்.

அட்டையில் படியை ஏற்றுவது எளிது. கார்ட் ரீடரில் செருகி, எடுத்து வைத்த கோப்பைத் தொடக்கம் முதல் அப்படியே எழுதினால் பார்ட்டிஷனும் விண்டோஸும் பேஜ்மேக்கரும் இருந்தபடியே வந்துவிடும். மாட்டும்போது அடாப்டரின் உள்ளே உள்ள 50 மெல்லிய ஊசிகளை டோர்ச் அடித்துப் பாருங்கள். அட்டை சரிந்து நுழைந்தால் ஓர் ஊசி மடங்கும், மடங்கிய ஊசி பக்கத்து ஊசியைத் தொட்டால் கணினி எழாது. நாடாக் கேபிளின் சிவப்பு ஓரம் 1ஆம் ஊசிப் பக்கம் வர வேண்டும். கணினி இயங்கும்போது அட்டையை இழுக்கக் கூடாது. கமராவில் செய்யலாம், ஐடிஇயில் முடியாது. பயோஸில் அந்த வன்தட்டு எல்பிஏ (இடங்களை வரிசை எண்ணால் அழைக்கும் முறை) என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு முறையில் அடையாளம் கண்டால் படி சரியாக இருந்தும் விண்டோஸ் துவங்காது.

முதல் துவக்கத்தில் இன்னொரு சிக்கல் வரலாம். பழைய அடாப்டர்கள் சிலவற்றில் டிஎம்ஏ வேகப் பரிமாற்றத்துக்கான இரண்டு தடங்கள் போடப்பட்டிருக்காது. அட்டையோ தனக்கு அது தெரியும் என்று கணினியிடம் சொல்லிவிடும். கணினி அந்தப் பாதையில் அழைக்கும், பதில் வராது. விண்டோஸின் மேகப் படத்தோடு திரை நெடுநேரம் நிற்கும். பயோஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ டிஎம்ஏயை நிறுத்திவிட்டால் வேலை நடக்கும். டிஎம்ஏ இல்லாத பழைய பிஐஓ முறையின் உச்சமான நொடிக்கு 16.6 எம்பிக்கு மேல் போகாது என்றாலும், அட்டை கோப்பைத் தேடி அலைவதில்லை என்பதால் பேஜ்மேக்கர் முன்பைவிடச் சுறுசுறுப்பாகவே திறக்கும். நினைவகம் போதாமல் விண்டோஸ் அடிக்கடி அட்டையில் எழுதினால் அட்டை தேயும், எனவே நினைவகத்தைக் கூட்டலாம். 512 எம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் விண்டோஸ் 98 தானே தடுமாறத் தொடங்கும். விண்டோஸ் 98க்குப் பென்டிரைவைத் தனி டிரைவர் இல்லாமல் தெரியாது என்பது உங்களுக்கு அனுபவமாகியிருக்கும். இப்போது கணினியை நிறுத்தி அட்டையைக் கழற்றி, கார்ட் ரீடர் வழியாகப் புதிய கணினிக்குக் கோப்புகளைக் கொண்டுபோகலாம்.

அதே படியை இரண்டாவது அட்டையிலும் எழுதி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்தால் ஒருநாள் காலையில் கணினி எழாதபோது ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆனால் அந்த அட்டையையே பெட்டகமாக நம்பாதீர்கள். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடக்கும் ஃபிளாஷ் சில்லில் மின்னேற்றம் மெல்லக் கசியும். மூலப் படியைச் சாதாரண வன்தட்டுகள் இரண்டில், ஒன்றை அச்சகத்துக்கு வெளியே, வைத்திருக்க வேண்டும். இதே கேள்வியை எக்ஸ்பி வைத்திருப்பவர் கேட்டிருந்தால் என் பதில் சற்று மாறும். எக்ஸ்பி முதல் சேர்விஸ் பேக்கிலிருந்தே 137 ஜிபியைக் கடக்கும், எனவே எஸ்எஸ்டி பொருந்தும். ஆனால் கமராவுக்கான அட்டையை அது 'கழற்றக்கூடியது' என்று கருதி முதல் பார்ட்டிஷனை மட்டுமே காட்டும்.

வன்தட்டை மாற்றினால் மற்றவை இளமையாகிவிடப் போவதில்லை. துறைமுகத்துக்கு அருகில் இருக்கிறீர்கள். உப்புக் காற்று நினைவகத் துண்டின் விளிம்பையும் நாடாக் கேபிளின் ஊசிகளையும் அரிக்கும். 'வன்தட்டுப் பழுது' என்று என்னிடம் வந்தவற்றில் சில, கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகியதோடு தீர்ந்திருக்கின்றன. மதர்போர்டில் செயலியைச் சுற்றி நிற்கும் கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள்; தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தால் மாற்ற வேண்டும். 1999க்குப் பிறகு சில வருடங்கள் பழுதான கப்பாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளில் ஏறின, உங்களுடையது அந்த வயதினது. சி.ஆர். 2032 பற்றரியையும் மாற்றிவிடுங்கள். அது ஓய்ந்தால் பயோஸ் ஒவ்வொரு காலையும் வன்தட்டு அமைப்பை மறந்துபோகும். யூபிஎஸ் இல்லாமல் ஓட்டவே வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது என் மேசைக்கு வந்த விண்டோஸ் 98, எக்ஸ்பி கணினிகள் பலவற்றில் வன்தட்டு நலமாகத்தான் இருந்தது. திடீரென மின்சாரம் போனதில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் எஃப்ஏடி அட்டவணைதான் குலைந்திருந்தது, அட்டைக்கு மாறினாலும் அந்த ஆபத்து மாறாது.

இதுவரை சொன்னவற்றை நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். இனிச் சொல்வதில் உங்கள் இயந்திரத்தைப் பார்க்காமல் எவரும் உறுதி தர முடியாது. எடுத்துவைத்த படியைப் புதிய கணினியில் 86பொக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் ஏற்றிப் பழைய கணினியையே திரைக்குள் ஓடவிடலாம். பேஜ்மேக்கருக்கு அது போதும். தடையாக நிற்கப் போவது டொங்கிள். யூஎஸ்பியிலிருந்து பிரின்டர் போர்ட்டுக்கு மாற்றும் கேபிள்கள் பிரின்டரோடு மட்டுமே பேசும், டொங்கிள் தேடும் பழைய முகவரியை அவை தருவதில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் சொக்கெட்டில் மாட்டும் பிரின்டர் போர்ட் அட்டையில் சில டொங்கிள்கள் வேலை செய்கின்றன, சில செய்வதில்லை. ஆகவே ஸ்டிக்கர் வேலை இருக்கும்வரை பழைய பெட்டியும் இருக்கட்டும்.

பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் அதோடு கட்டிப்போடாதீர்கள். பேஜ்மேக்கரின் வாரிசான இன்டிசைனின் சிஎஸ்6 வரையான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6 முதலான கோப்புகளைத் திறக்கும், அதற்குப் பிந்தியவை திறப்பதில்லை. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாகவும் தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம், எழுத்துருதான் இல்லை. பாமினி என்ற பெயரில் உலவும் எழுத்துருக்களில் சிற்சில எழுத்துகள் இடம் மாறியிருப்பதும் உண்டு என்பதால், இணையத்தில் இறக்கியதை நம்பாமல் உங்கள் கணினியின் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் இருக்கும் அதே கோப்பைப் படியிலிருந்து எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.